தண்டனை முடிந்து வந்தபின் பண உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தண்டனை பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் பணத்தைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்ட உதவித் தன்னார்வலராக உட்காரும் மேசைக்கு இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால் பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்டனை பெற்றவருக்கு அரசு உதவி எதுவும் கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் மனுவே போடாமல் இருந்துவிடுகின்றன. ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் ஊரக வேலைத் திட்டம், தொழிலாளர் நல வாரியப் பதிவு எல்லாமே வருமானத்தையும் வயதையும் தொழிலையும் பார்த்துக் கொடுக்கப்படுபவை. ‘நீ சிறைக்குப் போனாயா’ என்பது அங்கே தகுதிக் கேள்வி இல்லை. தண்டனை உண்மையிலேயே அடைப்பது வேறு சில கதவுகளை: பெரும்பாலான அரசு வேலைகள், காவல்துறைச் சான்று கேட்கும் வேலைகள், சில உரிமங்கள்.

விடுதலையானவர்களுக்கென்றே இருக்கும் உதவி சிறியது. எல்லாருக்குமான உதவியில் உங்கள் பங்குதான் பெரியது. தேடும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

இப்போது செய்வதுதான் பிறகு பணமாகும். உள்ளே இருக்கிறவர் முதலில் சிறையின் நல அலுவலரையும் நன்னடத்தை அலுவலரையும் (ப்ரொபேஷன் ஆபீசர்) பார்த்துப் பேச வேண்டும். என்ன தொழில் செய்யப் போகிறார், எந்த ஊருக்குப் போகிறார் என்று சொல்லி, உதவித்தொகைக்கான மனுவை அங்கேயே தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். சிறையில் தையல், நெசவு, காலணி, பேக்கரி என்று எதில் பயிற்சி பெற்றிருந்தாலும் அதற்கான சான்றிதழைக் கையில் வாங்காமல் வரக்கூடாது. வெளியே வந்தபின் அதைக் கேட்டு மனு எழுதுவது பெரும்பாடு.

வெளியே இருக்கும் வீட்டார் பார்க்க வேண்டியது செல்போன் எண். 90 நாள் பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கே போய்விடலாம். ஆதாரில் அந்தப் பழைய எண் இருந்தால் ஓடிபி யாருக்கோ போகும், எந்த இணைய மனுவும் நகராது. எண் போய்விட்டதென்றால், வெளியே வந்த முதல் வாரத்திலேயே ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். 2 ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். ஆதாரும் புகைப்படமும் கொண்டுபோய்க் கேஒய்சி கொடுத்தால் மீண்டும் உயிர் பெறும், இதற்குக் கட்டணம் கிடையாது. உள்ளே இருந்த பணம் எங்கும் போகாது. 10 ஆண்டுக்கு மேல் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருந்தாலும் வங்கி மூலமாகவே திரும்பக் கேட்கலாம்.

வாசலை விட்டு வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும்?

சிறையில் உங்கள் பெயரில் இருக்கும் பணம், உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருள்கள், ஊர் போய்ச் சேரப் பயணச் செலவும் வழிச்சாப்பாட்டுப் படியும். சிறையில் செய்த வேலைக்கான கூலி பிடித்தங்கள் போக உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். சிறைவாசிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்க வேண்டும் என்று குஜராத் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பிடித்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கழிந்தது என்ற கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை.

விடுதலைச் சான்றை நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். இதை மறைத்துவைக்க நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பல மனுக்களுக்கு அதுதான் அடிப்படை ஆவணம்.

தண்டனைக் காலம் முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் என் தம்பி உள்ளேயே இருக்கிறான். யாரிடம் போவது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனது கனக்கும். சில ஆயிரம் ரூபாய்க்காக ஒருவர் மாதக்கணக்கில் கூடுதலாக உள்ளே இருப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம். 2023-ல் வந்த அதன் வழிகாட்டுதல்படி, அபராதம் கட்ட முடியாததால் வெளியே வர முடியாத தண்டனைச் சிறைவாசிக்கு 25,000 ரூபாய் வரை மாவட்ட அளவிலான குழுவே அனுமதிக்கலாம். அதற்கு மேல் என்றால் மாநில அளவிலான குழுவுக்குப் போகும். பணம் உங்கள் கைக்கு வராது, அபராதமாக நீதிமன்றத்தில் கட்டப்படும். இதைத் தொடங்கிவைக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். அவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் குடும்பத்தின் பண நிலையை விசாரிப்பார்கள். நடைமுறையில் வீட்டார் போய்க் கேட்டால்தான் கோப்பு நகர்கிறது என்பது என் அனுபவம். அதனால் தம்பியின் சிறைவாசி எண், வழக்கு எண், தீர்ப்பு நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அது கட்டணமில்லாத சட்ட உதவி எண்.

இரண்டாவது, பாதி கட்டினாலும் பலன் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-வது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 69) சொல்வது இதுதான்: அபராதத்தில் ஒரு பகுதியைக் கட்டினால், அதைக் கட்டாததற்காக விதித்த மாற்றுச் சிறைக்காலமும் அந்த விகிதத்துக்குக் குறையும். 10,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 6 மாதம் என்று தீர்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மாதம் முடிவதற்குள் 5,000 கட்டிவிட்டால் அந்த 3 மாதம் முடிந்ததும் அவர் வெளியே வந்துவிடலாம். முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, அபராதம் மட்டுமே தண்டனை என்றால் தவணை கேட்கலாம். 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ நீதிமன்றம் கொடுக்க முடியும். தீர்ப்புச் சொல்லும் அன்றே வழக்கறிஞர் எழுந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

அபராதத்துக்கான மாற்றுச் சிறையையும் அனுபவித்துவிட்டேன். இன்னும் அந்தப் பணத்தைக் கேட்பார்களா?

பொதுவாகக் கேட்க மாட்டார்கள். மாற்றுச் சிறையை முழுவதும் அனுபவித்தவரிடம் அபராதத்தை வசூலிக்க, நீதிமன்றம் சிறப்புக் காரணங்களை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொன்ன இழப்பீடு வேறு விஷயம், அதை வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதலையானவர்களுக்கென்றே தனி உதவி இருக்கிறதா?

இருக்கிறது. விடுதலையான சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இயங்குகிறது. அலுவலகங்களில் ‘டிஸ்சார்ஜ்ட் பிரிசனர்ஸ் எய்ட் சொசைட்டி’ என்று கேட்டால் உடனே புரியும். சின்னதாகத் தொழில் தொடங்க, கருவிகள் வாங்க இதன் வழியாக உதவித்தொகை கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் ஒருவருக்கு 50,000 ரூபாய் என்ற அளவில் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிற எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஒதுக்கிய நிதிக்குள் தேர்வு செய்துதான் கொடுக்கிறார்கள்.

மனு நன்னடத்தை அலுவலர் வழியாகப் போக வேண்டும். அவர் விசாரித்து அறிக்கை எழுதுவார், அந்த அறிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. ‘ஏதாவது தொழில் செய்வேன்’ என்று பொதுவாகச் சொன்னால் அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது. ‘சிறையில் மூன்று வருடம் தையல் செய்தேன், இதோ சான்றிதழ். எங்கள் தெருவில் அக்கா வீட்டுத் திண்ணையில் கடை போடலாம். தையல் இயந்திரம் ஒன்று, ஓவர்லாக் ஒன்று, துணி, நூல் இவ்வளவு செலவாகும்’ என்று விலைப்பட்டியலோடு சொல்லுங்கள். ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி இணைப்பது இன்னும் நல்லது. ஆட்டுக்குட்டி, கறவை மாடு, தள்ளுவண்டி, இஸ்திரிப் பெட்டி எதுவானாலும் இதே முறைதான்.

கள்ளச்சாராய வழக்குகளில் சிக்கி, இனி அந்தத் தொழில் வேண்டாம் என்று விலகியவர்களுக்கு மறுவாழ்வு நிதி தனியாக இருக்கிறது. அது மாவட்ட ஆட்சியர் வழியாக வருவது, மதுவிலக்கு ஆயத்தீர்வைப் பிரிவில் கேளுங்கள். பெரும்பாலும் கறவை மாடு, சிறு கடை போன்ற பிழைப்புக்குத்தான் கொடுக்கிறார்கள்.

வங்கியில் கடன் கேட்டால் சிறைக்குப் போனது தெரிந்துவிடுமா? கொடுப்பார்களா?

சிபில் அறிக்கையில் உங்கள் வழக்கோ தண்டனையோ வராது. வருவது கடன் வரலாறு மட்டும்தான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போவதற்கு முன் வாங்கிய டூவீலர் கடனோ நகைக்கடனோ அப்படியே நின்றுபோய், வட்டி ஏறி, ‘கட்டாதவர்’ என்று பதிவாகியிருக்கும். எனவே முதலில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய கடன் இருந்தால் கிளை மேலாளரிடம் நேரில் போய், நடந்ததைச் சொல்லி, எவ்வளவு கட்டினால் முடியும் என்று பேசுங்கள். ஒருமுறைத் தீர்வாக முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று நிற்கும், புதுக்கடனுக்கு அது கொஞ்சம் தடைதான். முழுதும் கட்டி ‘க்ளோஸ்ட்’ ஆக்க முடிந்தால் நல்லது.

அப்புறம் எந்தக் கடன்? தெருவோர வியாபாரம் என்றால் பிரதமரின் ஸ்வநிதி. 2025-ல் மாற்றியமைத்தபின் முதல் தவணை 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதன்பின் 50,000. அடமானம் வேண்டாம். ஆனால் உள்ளாட்சி அமைப்பின் வியாபாரிச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். கொஞ்சம் பெரிய தொழிலுக்கு முத்ரா, அதில் ‘சிசு’ பிரிவு 50,000 வரை. தச்சு, தையல், மண்பாண்டம் போன்ற கைத்தொழில் தெரிந்த, 35 வயது ஆனவருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் நல்ல இடம். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில்.

என் கருத்தைக் கேட்டால், வெளியே வந்த முதல் ஆறு மாதத்துக்குள் பெரிய கடன் எதுவும் வாங்க வேண்டாம். கடையில் ஒரு வேலையில் சேர்ந்து, கணக்கில் மாதாமாதம் கொஞ்சம் வரவு விழட்டும். அதன்பின் கடன் கேட்டுப் போனால் மேலாளர் பார்க்கும் விதமே மாறும்.

மீட்டர் வட்டிக்கோ செல்போன் ஆப்பிலோ வாங்கி உடனே கடை போட்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். ஆப் கடன்காரர்கள் உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து அசிங்கப்படுத்துவார்கள். தண்டனை பெற்றவர் என்று தெரிந்தால் அதையே வைத்து மிரட்டுவார்கள். மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ‘வழக்கு உள்ளவன் போலீசுக்குப் போக மாட்டான்’ என்பதுதான் அவர்களுடைய துணிச்சல். உங்களுக்குப் பழைய தண்டனை இருப்பதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடவில்லை.

அதேபோல ‘உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று வருபவர்களையும் அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன எந்த உதவிக்கும் தரகர் தேவையில்லை.

ரேஷன் அட்டையில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க முடியுமா?

முடியும். இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ பெயர் சேர்க்க மனு கொடுங்கள், ஆதார் போதும். முகவரி மாறியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ரேஷன் அட்டை சரியானால் மருத்துவக் காப்பீட்டையும் கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. உள்ளே இருந்து நோயோடு வருபவர்கள் நிறைய, அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்பாவுக்கு 64 வயது. ஆயுள் தண்டனை முடிந்து முன்விடுதலையில் வந்திருக்கிறார். வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்காது.

60 வயதைக் கடந்த ஆதரவற்றவர் என்ற முறையில் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. இ-சேவையில் பதிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். விடுதலை ஆணையில் நன்னடத்தை அலுவலரிடம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், போகும்போதே இந்த மனுவைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

பெண் சிறைவாசி. வீட்டில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். தங்கவே இடமில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு கடினம். கணவன் சிறைக்குப் போனால் மனைவி மனு எடுத்துக்கொண்டு வாரா வாரம் வருகிறாள். மனைவி போனால் பல வீடுகளில் கதவே மூடிவிடுகிறது. அப்படி ஆதரவில்லாமல் வெளியே வரும் பெண்களுக்காகவே ஒரு வழி இருக்கிறது. முன்பு ‘ஸ்வாதார்’ என்ற பெயரில் இருந்து இப்போது ‘சக்தி சதன்’ ஆகியிருக்கும் இல்லங்களில், குடும்ப ஆதரவு இல்லாமல் சிறையிலிருந்து வரும் பெண்களையும் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. தங்குமிடம், உணவு, உடை, தொழிற்பயிற்சி கிடைக்கும். 181 மகளிர் உதவி எண்ணில் கேட்டால் அருகில் உள்ள இடத்தைச் சொல்வார்கள்.

ஓரளவு நிலைபெற்றதும் சுய உதவிக் குழுவில் சேரப் பாருங்கள். வங்கி தனியாகக் கொடுக்கத் தயங்கும் கடனைக் குழு வழியாகக் கொடுக்கும். உங்களைப் பற்றித் தெரிந்தே சேர்த்துக்கொள்ளும் குழுவாகப் பாருங்கள். பிறகு யாராவது சொல்லித் தெரியவந்தால் மனக்கசப்பு வரும்.

அப்பா உள்ளே இருக்கும்போது பிள்ளைகள் படிப்புக்கு ஏதாவது உண்டா?

உண்டு. பெற்றோரின் தண்டனை பிள்ளையின் தகுதியைத் தொடவே தொடாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். இன்னும் கஷ்டமான நிலையில், தாயோ தந்தையோ இறந்து, மற்றவர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். அங்கேயே மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைத் திட்டத்துக்கும் தகுதி இருக்கிறதா என்று விசாரித்துவிடலாம். பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் என்றால் கட்டாயம் போய்க் கேளுங்கள்.

வேலை மனுவில் தண்டனை பற்றிக் கேட்டால் மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், மறைத்தது தெரிந்தால் வேலை போகலாம். அதே சமயம் சிறிய வழக்கு என்றால் அதன் தன்மையைப் பார்த்து நிறுவனம் மன்னிக்கவும் இடமுண்டு. கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி உங்களை விடுவித்திருந்தால், அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது. தீர்ப்பு நகலில் எந்தப் பிரிவில் விடுவித்தார்கள் என்று பாருங்கள்.

அரசு ஊழியராக இருந்தேன், தண்டனையால் வேலை போய்விட்டது. எல்லாமே போயிற்றா?

பணிநீக்கம் ஆனால் வழக்கமான ஓய்வூதியம் போய்விடும். ஆனாலும் குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கருணைப் படி கேட்க விதிகளில் இடமுண்டு. ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் அது அனுமதிக்கப்படலாம். தானாக வராது, மனு போட வேண்டும். தனியார் நிறுவன ஊழியர் என்றால் பிஎஃப் பணம் உங்களுடையது. அதைக் கடனுக்காகவோ அபராதத்துக்காகவோ ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் காக்கிறது. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வேறு. பணியின்போதே ஒழுக்கக்கேடான குற்றம் செய்ததற்காக நீக்கப்பட்டிருந்தால் நிறுவனம் அதைக் கொடுக்க மறுக்கலாம்.

மேல்முறையீட்டுக்குப் பணமில்லை.

சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு, 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு. உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள், அமர்வு நீதிமன்றம் என்றால் 30 நாள் கெடு. கெடு தாண்டிவிட்டாலும் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்.

அலுவலகத்தில் ‘நீ ஜெயிலுக்குப் போனவன்தானே’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சண்டை போட வேண்டாம், அப்படியே திரும்பியும் வர வேண்டாம். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுக்கிறார்கள் என்றால் எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். ‘தண்டனை பெற்றவர்’ என்பதை மட்டும் காரணமாக எழுதித் தருவது அவர்களுக்கே எளிதல்ல, ஏனென்றால் அப்படி ஒரு விதி அந்தத் திட்டங்களில் இல்லை. அதன்பின் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவின் நகலோடு போய் நில்லுங்கள், அல்லது முதலமைச்சர் உதவி எண்ணான 1100-ல் பதியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலர் ஒருவரை உங்களோடு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வருவோம்.